இரும்பு மச்சானின் வாயை அடைத்தவள்

என் அன்புக்குரியவனுக்கு,

இங்கே நலம். நீயும் உன் அறைத் தோழர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு இருமல் குறைந்துவிட்டது. மருந்து பாட்டிலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள், காலைப் பிடித்து இழுத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, பயப்படாதே. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. வீட்டுக்காரர் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி இரண்டு வாரமாகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. மூன்று நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அதைத் தொடங்கப் போய்க் குழாயைப் பற்றிப் பேசிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் இதை முழுவதும் படித்துவிடு.

போன வாரம் கேட்டாயே, ‘என் பேர்ல யாரு அதுல டிக் போட்டது’ என்று. ‘உங்க ஆபீஸ்லயே யாராவது போட்டிருப்பாங்க’ என்றேன். பொய். நான்தான் போட்டேன்.

நீ வசனம் எழுதும் கம்ப்யூட்டர் விளையாட்டின் நாயகன் இரும்பு மச்சான் பேசும் வசனங்களில் நூற்று நாற்பத்து மூன்றைப் பொறுக்கி, ‘ஆண் திமிர் தூக்கல், மென்மையாக்கவும்’ என்று உன் கம்பெனியை வாங்கிய புது முதலாளிகள் அனுப்பினார்களே, அந்த அட்டவணையில். ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே அவர்களே ஒரு சாதுவான வசனம் எழுதி, பக்கத்தில் உன் சம்மதத்துக்கு ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். பிழை பார்க்க நீ கொடுத்த கடவுச்சொல் என்னிடம் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை மதியம் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து, ஒன்று விடாமல் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் அப்போது இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, குட்டியின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கழிவறைக் கதவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, ‘கதவே, மூணு எண்ணுறதுக்குள்ள திற. எனக்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்!’ என்று சொல்லி ஓங்கி ஓர் உதை விட்டிருக்கிறாள். உள்ளே இருந்த பையனுக்கு நெற்றியில் இடித்துவிட்டது. டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, ‘வீட்ல யாராவது இப்படிக் கதவை உதைப்பாங்களாம்மா?’ என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் என்னைக் கொன்றது. இல்லை மிஸ், இவள் அப்பா அதை எழுதுகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. பையனின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குட்டியை வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அன்று மாலையே நீ கூப்பிட்டு, ஒத்துழைக்கிறவர்களுக்குத்தான் அடுத்த வருட ஒப்பந்தம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, ‘வேலை போனா என்ன, இரும்பு மச்சான் சம்பாதிச்சுப் போடுவான்’ என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எந்தக் காலத்திலும் அந்தக் கட்டங்களில் கை வைக்க மாட்டாய் என்று தெரிந்தது. நானே வைத்துவிட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை. அண்ணன் வந்திருந்தான். திருத்தின வசனங்களோடு, இப்போதைக்குக் கம்ப்யூட்டர் குரலில், நீ அனுப்பிய சோதனைப் பதிப்பு நம் கம்ப்யூட்டரில் இறங்கியிருந்தது. அவனைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ‘எங்க என் ஆளு?’ என்று கேட்டபடி போய் உட்கார்ந்துவிட்டான். குட்டி அவன் மடியில். நான் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கதவுக் காட்சி வந்தது. இரும்பு மச்சான் மார்பை விரித்துக்கொண்டு வந்து நின்றார். ‘கதவைத் திறக்க முயற்சிக்கிறேன்’ என்றார். உதைத்தார். அவ்வளவுதான். அடுத்து, அந்த ஐந்து மாடி உயர ராட்சசனை வீழ்த்திவிட்டு வந்து அடுப்படிக் கரப்பான்பூச்சியைப் பார்த்ததும், ‘இது என் டிபார்ட்மெண்ட் இல்ல’ என்று நாற்காலி மேல் ஏறிக்கொள்வாரே, அங்கே இப்போது ‘பூச்சியை அகற்றுகிறேன்’ என்கிறார். நாற்காலியில் ஏறுவதையும் வெட்டிவிட்டார்கள். ராட்சசனை மிதித்த அதே அசைவில் காலைத் தூக்கி நசுக்கிவிட்டுப் போகிறார். அழும் காட்சியில், ‘நான் அழல. கண்ணு ரெண்டும் ஜிம்முக்குப் போயிட்டு வந்திருக்கு, வேர்க்குது’ என்பதற்குப் பதில், ‘எனக்கு வருத்தமாக உள்ளது’ என்கிறார். சொல்லிவிட்டு நான்கு பேரை அடிக்கிறார்.

வசனத்தை மாற்றியவர்கள் அந்தக் கையையும் காலையும் மாற்றவில்லை. அதற்குச் செலவு அதிகம் என்று நீதான் முன்பு சொன்னாய். அதே கை, அதே கால், அதே மீசை. பேச்சு மட்டும் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அந்த உதைகள் யாருக்கும் வலிக்காமல் இருந்தது அவர் வாயால்தான்.

அண்ணன் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டான். ‘ஏம்மா, இவன் நெஜமாவே அடிக்கிறானே. ரவுடிப் பய மாதிரி இருக்கான். மாப்பிள்ளைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?’ என்றான். குட்டி மடியிலிருந்து இறங்கி வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தேநீர் குடிக்கும்போது அவன் ஒன்று சொன்னான். உனக்கு இது தெரியாது. போன வருடம் அவன் முதுகு போய்விட்டதே, அவன் நடத்தும் ஜிம்மைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் படுத்துக் கிடந்தானே, அப்போது பிசியோதெரபி செய்கிற பெண் ‘எங்க வலிக்குது?’ என்று நான்கு நாள் கேட்டும் இவன் எங்கும் வலிக்கவில்லை என்றே சொல்லியிருக்கிறான். ஐந்தாவது நாள் கால் மரத்துப் போய்விட்டதாம். அன்றைக்கு வாயில் வந்தது அட்டவணையில் எண்பத்தெட்டாவதாக இருக்கும் உன் வசனம். ‘எனக்கு வலிக்கல மேடம். முதுகெலும்புக்குத்தான் வலிக்குது. நாங்க ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிறதில்ல.’ அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இவனும் சிரித்திருக்கிறான். சிரித்துக்கொண்டே எங்கெங்கே வலி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். ‘இல்லேன்னா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்’ என்றான் என் அண்ணன். நான் அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். எண்பத்தெட்டுக்கும் டிக் போட்டிருக்கிறேன்.

நம் கல்யாணப் பேச்சு நடந்தபோது இதே அண்ணன்தான் உன்னைப் பெரியவர்கள் முன்னால் உட்கார வைத்து, ‘மாப்பிள்ளை எவ்வளவு எடை தூக்குவீங்க?’ என்று கேட்டான். உன் மணிக்கட்டைப் பார்த்து என் சித்தப்பாக்கள் எல்லாரும் வாய்க்குள் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. நீ தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, ‘நான் எதையும் தூக்குறதில்லைங்க. நான் வர்றேன்னு தெரிஞ்சா அதுவே எழுந்து நின்னுரும்’ என்றாய். கூடத்தில் முதலில் சிரித்தது அண்ணன்தான். உன் தோளில் அடித்த அடியில் தேநீர் என் அப்பாவின் வேட்டியில் கொட்டியது. அன்றைக்கே உன்னைக் கட்டிக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். அவர்களைப் போல் மார்தட்டிக் காட்டாமல், கோபித்து எழுந்தும் போகாமல், அவர்கள் தட்டுவதைவிடப் பத்து மடங்கு ஓங்கித் தட்டி, தட்டுவதே எவ்வளவு வேடிக்கை என்று அவர்களுக்கே காட்டிவிட்டாய். அதை அன்றும் வேறு யாராலும் செய்ய முடியவில்லை. இன்றும் அந்த அட்டவணை எழுதியவர்களால் முடியாது.

நீ எழுதுவதை எழுத்து என்று என் கல்லூரித் தோழிகள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, தெரியும். நானும் பெரிதாக வாதாடியதில்லை. கதவிடம் பேசும் அந்த இரண்டு வாக்கியத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாய். ‘நாலு எண்ணுறதுக்குள்ள’ என்று வைத்தாய், ‘பத்து’ என்று வைத்தாய், என் வாயில் தண்ணீரை நிரப்பி எதிரே உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாய். நான் துப்பினால் வசனம் தேறியது. மூன்றாம் நாள் துப்பினேன். இலக்கியம் படித்த எனக்கு, ஒரு எண்ணை மாற்றினால் சிரிப்பு வரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்று என்று சொல்ல மாட்டேன். ஏழு வசனங்கள் போகட்டும். நர்ஸைப் பார்த்துச் சொல்வது, அடுப்படியைப் பற்றிச் சொல்லும் மூன்று, மனைவியின் எடையைப் பற்றியது, கடைசி ஆட்டத்தில் வரும் இரண்டு. அவற்றுக்கு நான் துப்பவில்லை, விழுங்கினேன். நீ கவனிக்கவில்லை. பின்னணிக் குரல் கொடுக்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார் என்று வைத்துவிட்டாய். புகார் அனுப்பிய அம்மா ஒருத்தி, தன் மகன் அந்த அடுப்படி வசனத்தைத் தங்கையிடம் சொல்கிறான் என்று எழுதியிருந்தாளாமே. அவள் சொல்வது நியாயம். மற்ற நூற்று முப்பத்தாறிலும் இரும்பு மச்சான் தன்னைத்தான் கோமாளியாக்கிக்கொள்கிறார். இந்த ஏழில் மட்டும் அடுத்தவளை ஆக்குகிறார். கூட்டத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல். இப்படிச் சொன்னால் கூட்டத்தை நடத்தும் அந்த மேடம் கேட்பார் என்றுதான் தோன்றுகிறது.

குட்டி கதவை உதைத்தது நம் பொறுப்பு. ஆள் இருக்கிற கதவைத் தட்ட வேண்டும் என்று நேற்று முழுக்கப் பழக்கினேன். இன்று காலை குளியலறைக் கதவைத் தட்டி, ‘ரெண்டு எண்ணிட்டேன், வரலாமா?’ என்று கேட்டாள்.

இத்துடன் உங்கள் மேடத்துக்கு என் பெயரில் ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். டிக் போட்டது நான், உனக்குத் தெரியாமல் போட்டேன், அதை உன் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. கடவுச்சொல்லை வீட்டில் கொடுத்ததற்கு உன்னைக் கேள்வி கேட்பார்கள். வேலைக்கே ஆபத்து வரலாம், யோசித்துப் பார்த்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை விட்டால் புது வசனங்களைக் குரல் பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று நீயே சொன்னாய். அதனால் அனுப்பு. ‘நானே தப்பாப் போட்டுட்டேன்’ என்று பழியை உன் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும். பிள்ளையும் வாடகையும் என் கவலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரில் மாலை வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள், பேசிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் கூப்பிடு. வேலை இருந்தாலும் கூப்பிடு, இல்லாவிட்டாலும் கூப்பிடு. என் மேல் கோபம் இருந்தால் கோபமாகவே பேசு, வேடிக்கை பண்ணி அதை மூடிவிடாதே. நீ திட்டி நான் கேட்டதே இல்லை. இந்த ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கூட்டத்துக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ, நிமிர்ந்து உட்கார். உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

என்றும் உன்னுடைய,
குட்டியின் அம்மா