மோடம் சண்டை முடியட்டும் என்றவனுக்கு

பதினான்காம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. பார்சல் ஒன்று. உள்ளே மோடத்துக்கான சிப் ஆறு. எல்லாம் இலவசம். பார்சல் மேல் உன் பெயர். தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். நான்தான் போட்டேன்.

நீ சொன்னபடியே நடந்துவிட்டது. இரண்டு கம்பெனிகளும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே பொது முறைக்கு ஒத்துக்கொண்டார்கள். கடையில் இருக்கும் ஆறு மோடத்திலும் இந்தச் சிப்பை மாற்றினால் போதும், புது வேகம் வந்துவிடும். நீ செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதைப் பார்த்துவிட்டாவது போயிருக்கலாம்.

போன வருடம், இந்தப் பகா டவுனில் நாம் கம்ப்யூட்டர் கடை திறந்த புதிது. போன் லைனில் இன்டர்நெட் பிடிக்க வேகமான மோடங்கள் வந்திருந்தன. ஆனால் ஒரு கம்பெனியின் மோடம் இன்னொரு கம்பெனியின் முறையில் வேகமாக ஓடாது. பொது முறை வருவதற்குள் ஆள் பிடிக்க இரண்டு பேரும் போட்டி போட்டார்கள். ஒருவன், இப்போது வாங்கினால் பிறகு பாதி விலையில் மாற்றித் தருகிறேன் என்பான். அடுத்த மாதம் மற்றவன், எதிராளியின் மோடத்தைக் கொண்டு வா, தள்ளுபடி தருகிறேன் என்பான். நீ அந்த விளம்பரங்களைக் குதிரைப் பந்தய முடிவு மாதிரி படித்தாய். நானோ பாலிடெக்னிக்கில் படித்த திமிரில் வேகக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டி, உடனே வாங்கு என்று கத்தினேன்.

"பொறுடா மச்சான். ரெண்டு பேரும் நல்லா அடிச்சிக்கட்டும். கடைசியில ஓசியிலயே குடுப்பானுங்க லா" என்றாய்.

நான் பொறுக்கவில்லை. என் காசில் ஒன்று வாங்கினேன். நமக்கு இன்டர்நெட் கொடுப்பவர்கள் அடுத்த மாதமே எதிராளியின் முறையைப் போட்டுவிட்டார்கள். என் மோடம் பழைய வேகத்தில் ஊர்ந்தது. மாற்ற வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தபால் செலவும் என் தலையில். நீ விடுவாயா? கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாய். நம் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம், "சார், இது இன்ஜினியர் வாங்கினது. அவசரமா வந்துச்சு, மெதுவா ஓடுது" என்றாய். யாரிடமும் சிரிக்காத அந்த மனுஷன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சிப் இலவசம் என்று ஒருவன் எழுத்தில் கொடுத்த பிறகுதான் நீ ஆறு மோடம் வாங்கினாய். ஜெயித்துவிட்டாய். அந்த ஜெயிப்புதான் உன்னைக் கொன்றது என்று சில நாள் எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கூட ஆர்டருக்காக மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படியேறியவன் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். சட்டையெல்லாம் வியர்வை. கிளினிக் டாக்டர் உடனே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டச் சொன்னார். நான் வேன் சாவியோடு நின்றேன். நீ நகரவில்லை. ஆர்டர் முடியட்டும் என்றாய். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

நீ கோபப்படவில்லை. "மோடத்துக்கும் நீ இப்படித்தான்டா குதிச்ச" என்றாய்.

நீ சொன்னது உண்மை. விலை இறங்கும், நெஞ்சுவலி இறங்காது என்று இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசிக் கம்ப்யூட்டரை மாட்டும்போது விழுந்தாய். ஆர்டர் முடிந்திருந்தது.

நேற்று உன் அண்ணன் தோட்டத்து லாரியைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு வந்தார். இரண்டு பெட்டி இறக்கியதும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "சும்மா வாயுதான் தம்பி. தீபாவளி கழியட்டும், பாத்துக்கலாம்" என்றார். உன் சிரிப்பையே சிரித்தார்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை விடிந்ததும் தோட்டத்தில் உங்கள் லயத்து வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, அண்ணன் ஏறும்வரை ஹாரன் அடிப்பேன்.

2. அவசரக்காரன் என்று திட்டுவார். ஆமாம் என்பேன்.

3. ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி, அங்கே மட்டும் உன்னைப் போலப் பொறுத்திருப்பேன்.