குளத்துக் குழாயில் பூசிய பசை

மதினி,

சோறு வடித்துவிட்டேன். தேங்காய்ப்பால் சொதியைக் கொதிக்க விடாமல் சூடாக்குங்கள், திரிந்துவிடும். சாவி ஜன்னலில் இருக்கிறது.

தோட்டத்துக் குளத்தில் உங்கள் மீன்கள் செத்ததற்கு நீங்கள் போட்ட இரை காரணமில்லை. மோட்டாருக்குக் குழாயும் அதை வளைத்து இணைக்கும் எல்போவும் வாங்கிய அன்று கடைக்கார அண்ணாச்சி என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "குழாய்ல பசை வச்சு ஒட்டுனா ஒருநாள் காயப் போடணும்மா. மொதத் தண்ணிய செடிக்கு விட்டுரு. குளத்துல விட்டா மீன் தாங்காது."

அண்ணன் குழாயை ஒட்டிவிட்டு, அன்று சாயங்காலமே குளத்தில் தண்ணீர் விட மோட்டாரைப் போடப் போனான். நான் சொல்லத்தான் செய்தேன். "ஏட்டி, என்ன முணுமுணுக்க? தள்ளு" என்றான். தள்ளி நின்றுவிட்டேன்.

மறுநாள் நீங்கள், "அம்மா வீட்டுலருந்து கொண்டாந்த மீனை நானே இரையை அள்ளிப் போட்டுக் கொன்னுட்டேனே" என்று அழுதீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளாக இதையெல்லாம் என் நோட்டில் மட்டும் எழுதிவைத்தேன். அதனால் உங்களுக்கு என்ன ஆறுதல்?

டவுணுக்குப் போகிறேன். பசை வேண்டாத ரப்பர் குழாயும் கிளிப்பும் வாங்கிவருவேன். இந்த முறை மோட்டார் வாயை நூல் வைத்து அளந்துகொண்டேன்.

வேணி

பி.கு.: அண்ணனிடம் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

வேண்டாம், காட்டாதீர்கள். வந்து நானே சொல்லுகிறேன். நீங்கள் பக்கத்தில் மட்டும் நில்லுங்கள்.