“சும்னே இரு குரு” என்று ஒரு ஒலிநாடா

மச்சான்,

உன் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்ததும் நம்ம பீன்யா பட்டறை வாசனை அடித்தது. லேத்தில் ஊற்றுவோமே, அந்த எண்ணெய் வாசனை. நீ வேலையை விட்டு எத்தனை வருஷம். நீ போயே இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன் விரல் எண்ணெய் மட்டும் உள்ளே இருந்த கேசட்டுகளின் மேல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டில் திறந்திருந்தால் அழுதிருப்பேன். திறந்தது ராமமூர்த்தி சார் வீட்டில். அழ நேரமில்லை. வியர்த்துக் கொட்டியது.

ராமமூர்த்தி சாரை உனக்குத் தெரியாது. பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பொம்மனஹள்ளியில் மாடியில் ஒரு அறையை ஜாஸ் கேட்பதற்கென்றே கட்டியிருக்கிறார். பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர், சுவரெல்லாம் ஸ்பாஞ்சு, கதவுக்கு ரப்பர் விளிம்பு. கதவைச் சாத்தினால் ஈகூட வெளியே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் அங்கே கூடுகிறோம். ஆறாவது நாற்காலி எனக்கு. மகன் வீட்டில் விடிந்ததும் டிவி, ஆளுக்கொரு போன். நான் வாயைத் திறந்தால் யாரும் தலையைத் திருப்புவதில்லை. வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் என் பேச்சைக் கேட்க ஆள் உண்டு. அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு போக்கிடமில்லை. அதை உன் சரக்கை வைத்துத்தான் பிடித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

மேடையில் நேராக வாசித்த சாக்ஸபோன் ரெக்கார்டுகளில் எதைக் கேட்கலாம் என்றுதான் அவர்களுக்கு எப்போதும் கேள்வி. நான் எட்டாவது வரை. வெள்ளைக்காரப் பெயர்கள் என் வாயில் நிற்காது. அதனால் நீ வைத்த பெயர்களையே சொன்னேன். முதலில் ‘கிளாஸ் உடையும் ரெக்கார்டு’. சாக்ஸ்காரர் ராகத்தை ஆற்றி ஆற்றி இறக்கிக்கொண்டு வரும்போது பின்னால் எவன் கையிலிருந்தோ கிளாஸ் விழும். மனுஷன் அந்தச் சத்தத்தையே பிடித்து மேலே ஏறுவார். அடுத்தது ‘இருமல்காரர் ரெக்கார்டு’. ஸ்பீக்கர் சரியாக இருந்தால் இருமுகிறவர் தூணுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பது தெரியும். ராமமூர்த்தி சார் இரண்டு வாரம் தன் அலமாரியைத் துழாவி, உடையும் கிளாஸைக் கண்டுபிடித்தேவிட்டார்! அன்றிலிருந்து நான் அங்கே பெரிய ஆள்.

எல்லோரையும் ‘குரு’ என்றே கூப்பிடுவாயே, உன் அந்த வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். “ஸ்டுடியோவுல மூச்சைத் துடைச்சிடுவாங்க குரு, மேடையில துடைக்க முடியாது.” “கைதட்டலைக் கேட்டா ரூம் எவ்ளோ பெருசுன்னு தெரியணும்.” ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிரபா என்கிற திருச்சிப் பெண் இதையெல்லாம் எழுதியே வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் உன் சரக்கு தீர்ந்துபோனது. அப்புறம்தான் அந்த டேப் கதையை அவிழ்த்துவிட்டேன்.

கண்டோன்மென்ட் ஹாலில் ஒரு சாயங்காலம் நீயும் நானும் ஒரு வெளிநாட்டு சாக்ஸ்காரரைக் கேட்டோமே, அது. நீயே செய்த மைக்கைக் குடைக்குள் வைத்துப் பதிவு செய்தாய். அவர்கள் காதில் நான் கொஞ்சம் பூ சுற்றினேன். நானூறு பேர் கூட்டம், வெளியே இடி மழை, வாசித்தவர் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். இந்த ஊரிலேயே அதுபோல ஒரு பதிவு கிடையாது என்றேன்.

“டேப் எங்க சார்?”

“வெள்ளத்துல போயிடுச்சு சார்.”

தைரியமாகச் சொன்னேன். ஏனென்றால் நீ அதை எனக்குப் போட்டுக் காட்டியதே இல்லை. கேட்கும்போதெல்லாம் “தேஞ்சு போச்சு குரு” என்பாய். அன்றைக்குப் பதிவின் நடுவே நான் பேசிவிட்டேன் என்று தெரியும். எவ்வளவு பேசினேன் என்று தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் அழித்திருப்பாய் என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் அத்திபெலேயில் இருந்து தங்கச்சி, உன் வீட்டுக்காரிதான், போன் செய்தது. “அண்ணா, அவரோட கேசட்டெல்லாம் உங்களுக்குத்தான். எங்க அனுப்பட்டும்?” நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜம்பமாக ராமமூர்த்தி சார் விலாசத்தைக் கொடுத்தேன். என் வாயே எனக்குக் குழி வெட்டியது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நான் போனபோது டப்பா வந்து காத்திருந்தது. மேலேயே கிடந்தது, உன் கையெழுத்தில் ‘கண்டோன்மென்ட், சாக்ஸ்’.

“ஏழுமலை சார், வெள்ளத்துல போனது நீந்தி வந்துடுச்சு!” என்றார் ராமமூர்த்தி.

“பழைய டேப் சார், மெஷின் கெட்டுடும்.”

“நேத்துதான் சர்வீஸ் பண்ணேன். கதவைச் சாத்தும்மா.”

பிரபா கதவைச் சாத்தினாள். ரப்பர் ‘ப்ச்’ என்றது. மூட்டு வலி, பாத்ரூம் என்று எதையாவது சொல்வதற்குள் அவர் பட்டனை அமுக்கிவிட்டார்.

சாக்ஸ் வந்தது. என்ன பதிவு மச்சான்! நாலு நிமிஷம் நான் பயத்தையே மறந்தேன். அப்புறம் ஒரு குரல், மைக்கை முழுங்குகிற மாதிரி: “இவரை எனக்கு நல்லாத் தெரியும் மச்சான், நேத்து சிவாஜிநகர்ல என்கூடத்தான் டீ குடிச்சாரு. கன்னடம் என்னமா பேசறாருங்கறே!” அந்த ஸ்பீக்கரில் என் எச்சில் சத்தம்கூடத் தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். டேப்புக்குள் இருந்தவன் நிறுத்தவே இல்லை.

அதற்குப் பிறகு நீ. இரண்டு வருஷம் கழித்து, என் காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, வாயை மூடச் சொல்லி உன் அரைக் கன்னடத்தில்: “சும்னே இரு குரு. அந்தாளு மூச்சு இழுக்கறாரு, கேளு.”

பாட்டு முடிந்தது. கைதட்டல். பிரபா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அங்கிள், நானூறு பேரா? முப்பதைத் தாண்டாது. மழையும் இல்ல.”

நீ சொல்லி நான் கற்றுக்கொடுத்த வித்தை என் மேலேயே பாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கதவைப் பார்த்தேன்.

ராமமூர்த்தி கேசட் உறைக்குள் மடித்திருந்த அட்டையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். “சாக்ஸ்: தாடிக்காரர். பியானோ: வழுக்கைக்காரர். டிரம்ஸ்: ஒல்லி. வாய்: நம்ம ஏழுமலை.”

வாசித்தவர்களோடு என்னையும் சேர்த்திருக்கிறாய், பாவி. அழிக்கவும் இல்லை, என்னிடம் காட்டவும் இல்லை.

“அந்த ரெண்டாவது குரல் யாரு சார்?” என்றார் ராமமூர்த்தி. சொன்னேன். சுற்றாமல் சொன்னேன். கிளாஸும் இருமலும் மூச்சும் எல்லாமே அவன் காது, என்னுடையது எதுவுமில்லை என்றேன். அவர் டேப்பை முதலுக்குச் சுற்றிவிட்டு, “இன்னொரு தடவை போடலாமா?” என்றார்.

மறுபடி சாக்ஸ். அந்த இடம் வருவது தெரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே இருந்தவன் பேசத்தான் பேசினான். அவனை இனி யாரும் நிறுத்த முடியாது. எத்தனை தடவை போட்டாலும் டீ குடித்துக்கொண்டேதான் இருப்பான். நீ “சும்னே இரு குரு” என்றாய்.

அதற்கு அடுத்து வரும் அந்த மூச்சை, மச்சான், இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

உன்
ஏழுமலை