கதவு திறக்காத ஒரு மணி நேரம்

பூண்டுலோயா
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்புத் தங்கச்சி யூஜினாவுக்கு,

அக்கா டெல்சி எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உன் தொழிற்சாலைக்கே வேலைக்கு வருகிற, ஹலீம் நானாவின் மகள் ரினோஸாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படி.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மூன்று நாளாக மழை. தேயிலைக் கொழுந்து முற்றிவிடும் என்று, வேலை வாங்குகிற கண்டாக்கு விரட்டுவதால் நனைந்துகொண்டே மலைக்குப் போகிறோம்.

ருமேனியா தையல் வேலைக்கு நாம் இரண்டு பேரும்தான் எழுதிப்போட்டோம். கொழும்பில் விசாவுக்குக் கைரேகை எடுத்தபோது உன் பத்து விரலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குச் சிவப்பு. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளை என் விரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “ரேகையே இல்லையே அக்கா, தேஞ்சு போச்சு” என்றாள். விசா உனக்கு மட்டும்தான் வந்தது. பதினாறு வருஷம் கொழுந்து பறித்த விரல். நீ உயர்தரம் வரை படிக்கத்தான் பறித்தேன். அன்றிலிருந்து நீ கைக்குக் கிரீம் பூசுவதைப் பார்த்தால்கூட எனக்கு எரிந்தது. காய்ச்சல் என்று சொல்லி, உன்னை வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வராமல் படுத்திருந்தேனே, அது பொய்.

விமானம் மாறும் இடத்திலிருந்து அழுதுகொண்டே போன் எடுத்தாய். முகத்தைக் காட்டினால் திறக்கிற கதவு உனக்குத் திறக்கவில்லை. “திரும்பத் திரும்ப நிக்கிறேன்க்கா. தள்ளி நில்லுன்னுதான் திரையில வருது. கேக்கிறதுக்கு ஒரு மனுசர் இல்ல” என்றாய்.

யூஜினா, அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “ஒண்ணும் கேக்கல, சிக்னல் இல்ல” என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. அதன் பிறகு மூன்று முறை எடுத்தாய். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, தரை துடைக்க வந்த நேபாளப் பெண் ஒருத்தி உன் கையைப் பிடித்து, ஆள் இருக்கிற வரிசைக்குக் கூட்டிப்போனதாக மறுநாள் சொன்னாய். அவளைப் பற்றி நீ அவ்வளவு பாசமாகப் பேசினாய். அவள்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பேச்சுத் துணைக்காவது நான் இருந்திருக்க வேண்டிய நேரம் அது.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். நேற்று நீ அனுப்பிய படத்தில் உன் காலில் இருந்த புதுச் சப்பாத்தைத்தான் முதலில் பார்த்தேன், உன் முகத்தை அப்புறம்தான். மெலிந்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு.

கோபம் வந்தால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அந்த ஒரு மணி நேரம் உன்னோடு நின்ற மாதா இனியும் உன்னோடு நிற்கட்டும். எனக்காகவும் ஒரு செபம் சொல்லிக்கொள்.

உன் அக்கா,
டெல்சி