வலது பக்கம் சாய்ந்த படம்

என் வீட்டு மகாராணிக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இடது முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் மகனும் மருமகளும் குட்டிப் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாம்தான். உன் மகன் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவான்; பெண்டாட்டியிடம் சொல்வதை ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். எதிர்வீட்டு டீச்சரின் மகள் அங்கே வேலைக்குப் புறப்படுகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நீ அடுக்கிவிட்டுப் போன அலமாரியில் நான் கை வைக்கவில்லை. வைத்தால் திட்டுவாய். அந்தத் திட்டும் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். மருமகளுக்கு லீவு முடிந்தது, குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று நீண்டுகொண்டே போகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. பல் முளைப்பதை யார் தடுக்க முடியும்?

கால் விஷயத்துக்கு வருகிறேன். ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் கிளட்ச் மிதித்த கால், இனி மூட்டை மாற்றினால்தான் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சரி, ஒன்றை எடுத்து மாட்டுங்கள் என்றேன். சிரித்துவிட்டு, முதலில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்றபடி ஒரு எக்ஸ்ரே வேண்டும் என்றார். காலைத் திருப்பினாலோ உடம்பு சாய்ந்தாலோ எலும்பின் வளைவைத் தப்பாகக் காட்டிவிடுமாம்.

நின்றேன். படம் வீணாய்ப் போனது. மறுபடி நின்றேன், அதுவும் வீண். படம் எடுக்கிற பெண் வெளியே வந்து, "ஏன்யா வலது பக்கமே சாயறீங்க? அங்க யாராவது நிப்பாங்களா?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரி நிப்பா" என்றேன். உன் தோள் இல்லாத இடத்தில் காற்றின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன் பார். அப்புறம் இரண்டு காலையும் சமமாக ஊன்றி நிமிர்ந்து நின்றேன். மூன்றாவது தடவை படம் சரியாக வந்தது.

அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். தொடை எலும்பு எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்தது இல்லையாம். சிலருக்கு நேராக இருக்கும், எனக்கு வெளிப்பக்கமாக வில் போல வளைந்திருக்கிறது. எலும்புக்குள் கம்பி விட்டு அதை வைத்து வெட்டுகிற கோணத்தைப் பிடிப்பது வழக்கமாம். வளைந்த எலும்பில் கம்பி ஏமாற்றிவிடும் என்பதால் எனக்கு வேறு வழியில் அளப்பார்களாம். அது போதாதென்று முழங்கால் பக்கத்து எலும்பு, முன்னும் பின்னும் போதுமான அளவு, அகலம் மட்டும் குறைவு. முன்பின் அளவுக்குச் செயற்கை மூட்டை மாட்டினால் பக்கத்தில் துருத்திக்கொண்டு சதையை உரசும். அகலத்துக்கு மாட்டினால் மடக்கும்போது தளர்ந்து ஆடும். "இரும்பு மாதிரி உடம்பு" என்று பெருமை அடிப்பேனே, உள்ளே இவ்வளவு கோணல். நீ இதைக் கேட்டிருந்தால், எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும் என்றிருப்பாய்.

அகலம் குறைந்த மூட்டு ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அதுவும் வந்துவிட்டது. அடுத்த மாத முதல் வாரம் ஆபரேஷன். மகனிடம் பக்குவமாகச் சொல். பயப்பட ஒன்றுமில்லை, மறுநாளே எழுப்பி நடக்கவிட்டுவிடுவார்களாம்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியது உனக்காக. எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது நர்ஸ் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. நீ இல்லாமல் சாப்பிடப் பழகிவிட்டேன், தூங்கக்கூடப் பழகிவிட்டேன். இது மட்டும் என்னால் ஆகாது.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். நூறு வயசு ஓடியாடி நடக்கட்டும். அவளை இரண்டு வாரம் அவள் அப்பன் பார்த்துக்கொள்ளட்டும், அவனும் கற்றுக்கொள்வான். கூட யார் இருப்பார்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, என் வீட்டுக்காரி கிளம்பிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். இந்த வயசில் என்னைப் பொய்யனாக்கிவிடாதே. வந்துவிடு.

உன்,
வீட்டுக்காரன்