சதாமின் வேனுக்குப் புதுத் தகடு

காளப்பநாயக்கன்பட்டி

அன்பு மகன் முஜீபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. உன் அண்ணி அர்ஃபாவுக்கு ராசிபுரத்தில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம் என்றதும் கோபித்துக்கொண்டு போனை வைத்தவன்தான் நீ, அப்புறம் எடுப்பதேயில்லை, அதனால் எழுதுகிறேன். அவளாக ஆசைப்படவில்லை கண்ணு, நாங்கள்தான் சம்மதிக்க வைத்தோம். உன் அண்ணன் சதாம் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டான், அந்தச் சின்ன வயதுப் பெண்ணை நம் துக்கத்துக்குக் காவல் வைக்க முடியுமா. வந்தவர் நல்ல மனிதர், குழந்தை நாசியாவையும் சேர்த்தே கேட்டார். அர்ஃபா கேட்டது ஒன்றுதான், சதாமின் ஆம்னி வேன். "அவரு வண்டிய ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க மாமா, துணி யாவாரத்த நான் உட மாட்டேனுங்க, மலை மேல திண்ணனூர் நாட்டுல இன்னும் என்னையக் கேக்கறாங்க" என்றாள்.

ஊரார் வண்டியெல்லாம் தட்டி நிமிர்த்துகிற நான், பட்டறைக்குப் பின்னால் மழையில் கிடந்த அவன் ஆம்னி பக்கம் போனதேயில்லை. இப்போது பார்த்தால் டிரைவர் சீட்டுக்கு அடியில் தகடு அப்பளமாய் நொறுங்கிக் கையோடு வந்தது, கதவுகளின் அடிப்பக்கம் சல்லடை. ஓட்டையைப் பட்டி பூசி அடைத்துப் பெயிண்ட் அடித்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டேதான் இருக்கும், அதை நம்பி அவளை மலை ரோட்டில் விட முடியுமா. நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டித்தான் ஆகவேண்டும். கிரைண்டரை எடுத்தேன், கை ஓடவில்லை, அவன் உட்கார்ந்த இடமல்லவா. அவன் போனபின் பட்டறையில் காலே வைக்காத உன் அம்மா அன்றைக்கு உள்ளே வந்தாள், "நீங்க வெட்டுங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றாள். புதுத் தகட்டை அவள்தான் பிடித்துக்கொண்டாள். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாமல் திரும்பிக்கொள் என்றேன், திரும்பியவள் வேலை முடிந்தும் வெகுநேரம் இந்தப் பக்கம் முகம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தது. அர்ஃபாவேதான் வண்டியை ராசிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள், நாசியா பின்கண்ணாடியில் கையாட்டிக்கொண்டே போனது. பட்டறையிலிருந்து வந்ததும் குழந்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறேன், அப்புறம்தான் நினைவு வருகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அர்ஃபா போன் செய்து, "வழியெல்லாம் மழைங்க மாமா, ஒரு சொட்டு உள்ள வரலீங்க" என்றாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீர் நிறையக் குடி. அம்மா ஐந்து வேளையும் உனக்காக துஆ செய்கிறாள், அல்லாஹ் உன்னைக் காப்பானாக. மறக்காமல் அர்ஃபாவுக்கு ஒரு போன் போடு தம்பி. இனி எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பாதே, அண்ணி என்றே கூப்பிடு.

உன் அத்தா,
அமீர் பாஷா