அறைந்தது யாரென்று கேட்டேன், அண்ணே

என் உயிரான செல்வம் அண்ணே,

எனக்கு வேலை கிடைத்தது. போயும் விட்டது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது.

செயற்கை நுண்ணறிவின் அறமும் சட்டமும் பற்றி ஆராயும் துறையில் இளநிலை ஆய்வாளர் வேலை. "அப்படீன்னா என்னடி, கம்ப்யூட்டருக்கு வக்கீலா?" என்று கேட்டிருப்பாய். கம்ப்யூட்டர் தப்பு செய்தால் யார் பதில் சொல்வது என்று பார்க்கிற வேலை அண்ணே. உனக்கு நடந்ததால்தான் விண்ணப்பித்தேன்.

நேர்காணலில் அதைத்தான் சொன்னேன். என் அண்ணன் சீர்காழிக்குக் கிழக்கே கடற்கரையில் மீன் எடுத்து, குத்தாலம் பக்கத்து வயல்காட்டு ஊர்களில் மொபெட்டில் கொண்டுபோய் விற்பவன். தேர் பார்க்கப் போன இடத்தில் ஒரு கேமரா அவன் முகத்தைச் சங்கிலித் திருடன் ஒருவனின் முகம் என்றது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் சாயங்காலம், "மெஷின் தப்பா காட்டிடுச்சு, போ" என்று விட்டார்கள். அதற்குள் வாங்கிய அறையில் ஒரு காது செவிடாகிவிட்டது.

அதற்குப் பிறகு உன் கூடையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். வருஷக்கணக்கில் உன்னிடம் மீன் வாங்கிய அக்காமார்கள் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். சம்பா அறுவடை நேரம், நீ மொபெட்டில் போகையில் செவிட்டுக் காதுப் பக்கமாகப் பின்னால் நெல் லாரி வந்தது. "ஹாரன் அடிச்சிக்கிட்டேதான் சார் வந்தேன், அவரு திரும்பவே இல்ல" என்று டிரைவர் அழுதார்.

பிறகு தேர்வுக் குழுவில் ஒருவர் பேனாவை மூடிவிட்டு, "அருமையான கேஸ் ஸ்டடி" என்றார்.

அதனால்தான் அண்ணே வேலை கிடைத்தது. நீ செத்த விதம் அருமையாக இருந்ததால்.

சேர்ந்ததும் உன்னைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். துறைத்தலைவர் கூப்பிட்டு, "இத நீங்க தொடக் கூடாதும்மா. கூடப் பொறந்தவங்க எழுதினா பாரபட்சம்னுடுவாங்க" என்றார். மெஷினின் பாரபட்சத்தை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட துறை அது. உன்னைத் தூக்கி நவீன் என்ற சக ஆய்வாளரிடம் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைதான். என் மேசைக்கே வந்து என்னைப் பேட்டி எடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க, கேட்டாகணும். இதுக்கு முன்னாடி உங்க அண்ணன் எதாவது தப்பு பண்ணியிருக்காரா?"

ஸ்டேஷன் வாசலில் அம்மாவிடமும் இதைத்தானே கேட்டார்கள்? "இல்ல" என்றேன். குறித்துக்கொண்டார்.

பிறகு கருத்தரங்கு வைத்தார்கள். கேமரா கம்பெனிக்காரர், "எங்க மெஷின் 'அவர மாதிரி இருக்கு'ன்னு மட்டும்தாங்க சொல்லும். முடிவு எடுக்கிறது மனுஷங்கதான்" என்றார். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, "மெஷினே சொன்னப்புறம் நாங்க எப்படிங்க நம்பாம இருக்க முடியும்?" என்றார். கூட்டம் சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் அண்ணே?

நான் எழுந்தேன். "அப்ப எங்கண்ணன் செல்வத்த அறைஞ்சது யாருங்க?"

மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். டீ இடைவேளை என்று அறிவித்தார்கள். பஜ்ஜி சூடாக இருந்ததாம்.

மறுநாள் துறைத்தலைவர், "கேசு கீசுன்னு போகாதம்மா. நிதி குடுத்தவங்க வருத்தப்படுவாங்க. வேலையா, கேசான்னு நீயே முடிவு பண்ணிக்க" என்றார். நிதி கொடுத்தது யார் தெரியுமா? அந்தக் கேமரா கம்பெனிதான்.

முடிவைச் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வெயில்ல வெந்து அவன் படிக்க வெச்ச வக்கீல் படிப்புடி! வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறியே!" அடுத்த நாள் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து, கையில் ஒட்டிய செதிலைக் கழுவிவிட்டு, "எங்கடி கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

உன்னை அறைந்த போலீஸ்காரர் மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுத்திருக்கிறோம். புகார்தாரர் அம்மா, வக்கீல் நான். ஜெயிப்போம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வாய்தா வாய்தாவாக இழுப்பார்கள், உன் பிணத்துக்குக்கூடக் களங்கம் தேடுவார்கள். உன்னை அறைந்தவருக்கோ நல்ல தூக்கம் வருகிறதாம்.

ஆனால் இது சத்தியம் அண்ணே. ஒருநாள் கோர்ட் வாசலில் டவாலி அவர் பெயரை உரக்கக் கூப்பிடுவான். அவர் கை கட்டி உள்ளே வருவதை அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்துப் பார்க்கவைப்பேன்.

நீ படிக்கவைத்த தங்கச்சி,
ராஜி